அக்கா, நல்லா இருக்கீங்களா?

ஜூன் 9, 2025, திங்கள்

இன்று காலை எனக்கு நானே போன் செய்தேன்.

தெரியாத நம்பர். கும்பாபிஷேகத்துக்கு விளம்பரம் பேசக் கூப்பிடுகிறார்களோ என்று எடுத்தால், "அக்கா... நல்லா இருக்கீங்களா?" என்கிறது என் குரல். இரண்டு நொடி இடைவெளி. அப்புறம், "உங்க தம்பிதான் பேசுறேன். ஒரு நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். எம்புட்டு நாளைக்குத்தான் வாடகை வீட்டுல இருப்பீங்க?" சமயநல்லூர் பக்கம் தாமரைக்குளம் கார்டனாம், பிளாட்டாம், தண்ணீர் வசதியாம். கடைசியில், "யோசிக்காதீங்க, கிளம்பி வாங்க, நான் காத்திருக்கேன்."

மார்ச் மாதம் நான்தான் பேசிக் கொடுத்தேன். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராகப் போடுவதற்கு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். போனில் போடுவார்கள் என்று யார் கண்டது? அந்த இடத்தில் குளம் இருந்ததும் இல்லை, தாமரை பூத்ததும் இல்லை. அது வேறு விஷயம்.

முனீஸ்வரியிடம் சொன்னேன். "உங்க தொல்லை எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். இப்ப ஊருக்கே போயிருச்சா?" என்று சிரிக்கிறாள். மனைவி சிரித்தால் நானும் சிரித்து வைப்பது வழக்கம். சிரித்தேன்.

ஜூன் 10

மறுபடியும். 11.40க்கு ஒன்று, 4.15க்கு ஒன்று.

ஜூன் 14, சனி

திருப்பரங்குன்றத்தில் தலைகாட்ட முடியவில்லை. பெரிய ரத வீதியில் பூக்கடைக்கார அம்மா, "என்னண்ணே, தூங்க விடமாட்டியா? மத்தியானம் கண்ணசந்தா நீதான் நல்லா இருக்கியான்னு கேக்குற" என்கிறாள். டீக்கடையில் ஒருத்தன் என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்து, "நல்லா இருக்கேன் தம்பி" என்று நடித்துக் காட்டுகிறான். கடையே சிரிக்கிறது.

முப்பது வருடமாக இந்த இரண்டு நொடி இடைவெளியை வைத்துத்தான் பிழைக்கிறேன். "பொதுமக்களே" என்று ஆரம்பித்தால் ஒரு நாய்கூடத் திரும்பாது. "அக்கா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். துணி காயப்போடுகிற பெண் நம்மைத்தான் யாரோ கேட்கிறார்கள் என்று திரும்புவாள். திரும்பியதும் சேதியைச் சொல்லிவிட வேண்டும். இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நானே கண்டுபிடித்தது.

தாமரைக்குளம் கார்டன் மேனேஜர் சூர்யபிரகாஷுக்குப் போன் போட்டேன். "சார், ஆடியோவை நீங்க வாட்ஸப்ல அனுப்பும்போது என்ன எழுதியிருக்கீங்க, பாருங்க" என்றான். பார்த்தேன். 'எங்க வேணும்னாலும் போட்டுக்குங்க சார்.' கூடவே கும்பிடுகிற கை இரண்டு.

நான் சொன்ன 'எங்க வேணும்னாலும்' ஊரைச் சொன்னது. உசிலம்பட்டியிலும் போடலாம், சோழவந்தானிலும் போடலாம் என்று சொன்னது. இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் எழுதி அனுப்புவோம். பத்திரம் எழுதிக் கையெழுத்தா போடுகிறோம்?

ஜூன் 23

1909க்குப் பேசி என் நம்பருக்கு விளம்பர அழைப்பே வேண்டாமென்று பதிவு செய்தேன். முந்தாநாள் வந்த அழைப்புக்குப் புகாரும் கொடுத்தேன்: எந்த நம்பரிலிருந்து வந்தது, எந்தத் தேதி, என்ன பேசினார்கள். ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டுமாம். புகார் எண் மெசேஜில் வந்தது. என் குரலின் மேலேயே நான் புகார் கொடுத்திருக்கிறேன். உலகத்தில் வேறு எவனாவது இதைச் செய்திருப்பானா?

ஜூலை 2, புதன்

என் போனுக்கு வருவது நின்றுவிட்டது. அதைச் சந்தோஷமாக எழுதலாமென்று காலையில் நினைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு ரோகிணி கூப்பிட்டாள். என் அக்கா இருளாயியின் மகள். ஆறு வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து வருகிற முதல் போன். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்றேன். "உங்க விளம்பர ஆட்டோ பின்னாடி எழுதியிருக்கே மாமா" என்றாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். எங்கம்மாவைக் கேலி பண்றதுக்குத்தான் இப்படிப் பண்றீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

அக்காவுக்கும் அந்த அழைப்பு போயிருக்கிறது. அவளிடம் இருப்பது பட்டன் போன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது, யார் நம்பர் என்று பார்க்க மாட்டாள். மே மாதக் கடைசியில் ஒருநாள் எடுத்திருக்கிறாள். "அக்கா, நல்லா இருக்கீங்களா?" இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிக்குள், "டே பாண்டி!" என்று அழ ஆரம்பித்துவிட்டாளாம். நான் பிளாட்டைப் பற்றிப் பேசப் பேச அவள் அதன் மேலேயே பேசியிருக்கிறாள். வைத்ததும் தெருவில் எல்லாரிடமும் போய், "என் தம்பி பேசிட்டான், அவனாத்தான் முதல்ல பேசினான்" என்று சொல்லியிருக்கிறாள். 'வாங்க போங்க' என்று பேசுகிறானே, இன்னும் கோபம் கொஞ்சம் இருக்குபோல என்று ரோகிணியிடம் கவலைப்பட்டாளாம்.

ஜூன் 11ஆம் தேதி மச்சானை மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காளை மச்சானுக்குச் சர்க்கரைப் புண். பதினொரு நாள் இருந்திருக்கிறார்; நாலாம் நாளே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அங்கே இருக்கும்போது மூன்று தரம் 'நான்' கூப்பிட்டிருக்கிறேன். மூன்று தரமும் அக்கா, "மச்சானுக்கு முடியலடா, வாடா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போடா" என்று கெஞ்சியிருக்கிறாள். நான் என்ன பதில் சொன்னேன்? "கிளம்பி வாங்க, நான் காத்திருக்கேன்."

"உன் மச்சானைத் தூக்கிக்கிட்டு நான் எங்கடா கிளம்பி வர?" என்று கத்தினாளாம்.

ஒருநாள் அடுத்த கட்டிலில் இருந்த பொம்பளையின் போன் அடித்திருக்கிறது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, நல்லா இருக்கீங்களா? உங்க தம்பிதான் பேசுறேன்." அந்தப் பொம்பளை, "இது எங்களுக்கும் தெனம் வரும்மா, மிஷினு" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினாளாம்.

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது என்றாள் ரோகிணி. அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை என்றாள்.

ஜூலை 3

பெரியாஸ்பத்திரிக்கும் என் வீட்டுக்கும் எட்டு மைல்கூட இல்லை. பதினொரு நாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பழைய பக்கத்தைப் புரட்டினேன். ஜூன் 14 அன்று டீக்கடையில் ஒருத்தன் நடித்துக் காட்டினான் என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அங்கே மச்சான் காலை எடுத்திருக்கிறார்கள்.

சண்டை எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கு உறைக்கும். ரோகிணி கல்யாணப் பத்திரிகையில் மச்சான் வீட்டுப் பங்காளிகள் பெயரெல்லாம் போட்டோவோடு முன்பக்கம். தாய்மாமன் பெயர் கடைசிப் பக்கத்தில், பந்தல்காரன் பெயருக்கு மேலே. போட்டோ இல்லை. நான் பத்திரிகையைத் திருப்பி அனுப்பினேன். தாய்மாமன் சீர் கொண்டுபோகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. மண்டபத்தில் மைக்கில் வேறு எவனோ பேசினானாம். அதைத்தான் ரொம்ப நாள் நினைத்து நினைத்துப் பொருமினேன். யார் முதலில் பேசுவது என்று இரண்டு வீடும் ஆறு வருடம் பிடிவாதம் பிடித்தோம்.

முதலில் நான்தான் பேசியிருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

ஜூலை 5, சனி

கோர்ட் பக்கம் வக்கீல் பவதாரிணியைப் பார்த்தேன். சின்ன வயசுதான், ஆனால் நுகர்வோர் வழக்காகவே நிறைய நடத்துகிறவர். பொறுமையாகக் கேட்டார்.

"சாதாரண பத்து இலக்க நம்பர்ல இருந்து விளம்பரக் கால் போடவே கூடாது சார். அதுக்கு 140ல ஆரம்பிக்கிற நம்பர் தனியா இருக்கு. இவங்க செய்றது தப்பு. ஆனா புகார் உங்க அக்கா நம்பர்ல இருந்துதான் போகணும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதுன்னாலும் அவங்கதான் போடணும்."

"என் குரல்மா அது."

"அது வேற வழக்கு சார், அதுக்கு வேற கோர்ட்டு. இதுல உங்களுக்கு என்ன பாதிப்புன்னு கேப்பாங்க."

எனக்கு என்ன பாதிப்பு! படியிறங்கும்போது அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். எழுதிக் கொடுக்கச் சொன்னால் எதை எழுதுவது? பக்கம் போதாது.

கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 8

ரோகிணிக்குப் போன் செய்தேன். தேதி, நேரம், கூப்பிட்ட நம்பர் மூன்றையும் குறித்து, அம்மா போனிலிருந்தே 1909க்குப் போடு, ஏழு நாள் தாண்டக் கூடாது என்று பாடம் நடத்தினேன்.

"அம்மா போனைத் தரமாட்டேங்குது மாமா."

"ஏன்?"

"வந்தா எடுக்குது. முன்ன மாதிரிப் பேசுறதில்ல. கடைசி வரைக்கும் கேக்குது, வச்சுருது. வேணாம்னு எழுதிப் போடவான்னு கேட்டா, 'வரட்டும், உனக்கென்ன'ங்குது."

ஜூலை 9

முனீஸ்வரி சொல்கிறாள்: "எழுமலைக்கு, உங்க அக்கா வீட்டுக்கு ஒரு பஸ் ஏறுங்க. முடிஞ்சுபோச்சு."

அந்தக் கருமம் நிற்கட்டும், அப்புறம் போகிறேன் என்றேன். அதை நிறுத்திவிட்டுப் போனால்தான் எனக்கு முகம் இருக்கும். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அது அடித்தால்?

"நல்லாத்தான் சாக்கு கண்டுபிடிக்கிறீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

சாக்கா? இல்லை. சாக்குதான்.

ஜூலை 24

நோட்டீஸுக்குப் பதில் வந்துவிட்டது. இரண்டே பக்கம், ஆனால் இரண்டும் அடி. ஒன்று, என் வாட்ஸப் மெசேஜின் படம், கும்பிடுகிற கைகளோடு. இரண்டாவது, சித்திரை மாதம் பொருட்காட்சியில் ஒரு கூப்பன், பரிசுக் குலுக்கலுக்குப் போட்டது. அதில் அக்காவின் நம்பர் ரோகிணி கையெழுத்தில். கீழே எறும்பு மாதிரி எழுத்தில், 'எங்கள் அழைப்புகளைப் பெறச் சம்மதிக்கிறேன்.'

ரோகிணியிடம் கேட்டேன். "என் நம்பரைக் குடுத்தா கண்டவன் கூப்பிடுவான்னு அம்மா நம்பரைப் போட்டேன் மாமா. எல்லாரும் அப்படித்தான போடுவாங்க."

உண்மைதான். நானும் எந்தக் கடையில் நம்பர் கேட்டாலும் முனீஸ்வரி நம்பரைத்தான் கொடுப்பேன். தொல்லையெல்லாம் வீட்டுப் பொம்பளைக்கு என்று ஊரே ஒத்துக்கொண்ட மாதிரி. அவர்களுக்குத்தான் வேறு வேலை இல்லையே!

பவதாரிணி மட்டும் அசரவில்லை. "சம்மதத்தை எப்ப வேணாலும் திருப்பி வாங்கலாம் சார். ஆனா உங்க அக்காதான் சொல்லணும்."

அவள் சொல்ல மாட்டாள். அவளுக்கு அது வேண்டியிருக்கிறது. கடவுளே, அவளுக்கு அது வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 6

மச்சானுக்குப் புண் ஆறிவிட்டதாம். கட்டையை ஊன்றிக்கொண்டு வாசல் வரை நடக்கிறாராம். ரோகிணி மெசேஜ் அனுப்பினாள். பதில் அடித்து அடித்து அழித்தேன். 'சந்தோஷம்' என்று ஒரு வார்த்தை போட்டேன். முப்பது வருடம் பேசிப் பிழைத்தவனுக்குக் கிடைத்த வார்த்தை அது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாமரைக்குளத்தான் நம்பர்களையெல்லாம் போன் கம்பெனி துண்டித்துவிட்டதாம். ஊரில் பல பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள், பூக்கடை அம்மாவும் ஒருத்தி. சூர்யபிரகாஷ் கூப்பிட்டு, "உங்க ஊர்க்காரங்களுக்கு வளர்ச்சி பிடிக்காது சார்" என்று ஒரு பாட்டம் திட்டினான். ஜெயித்துவிட்டேன். பவதாரிணிக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24

ரோகிணி: "அம்மா நாலு நாளா போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே இருக்கு. சார்ஜ் இருக்கான்னு பாக்கச் சொல்லுது. கெட்டுப்போச்சான்னு கேக்குது."



ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. தெருவுக்குத் தெரு மைக். மூன்று இடத்தில் என் குரல்தான். அது கொடுத்த தைரியமோ என்னவோ, மத்தியானம் மூன்று மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

நாலாவது ரிங்கில் எடுத்தாள். "அலோ" என்றாள். ஆறு வருடம். குரல் தேய்ந்துபோயிருந்தது. என்ன சொல்ல வேண்டுமென்று யோசித்து வைத்திருந்தேனோ அது ஒன்றும் வரவில்லை. வாய் அதுபாட்டுக்குச் சொன்னது:

"அக்கா... நல்லா இருக்கீங்களா?"

சொல்லிவிட்டு நிறுத்தினேன். இரண்டு நொடி. எவனடா நிறுத்தச் சொன்னான்? அழுகையில் நிறுத்தினேனா, பழக்கத்தில் நிறுத்தினேனா, எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "தம்பிதான் பேசுறேன்" என்றேன். வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டேன். எடுத்ததும் வைத்தாள். மறுபடி. அப்புறம் எடுக்கவே இல்லை.

வெளியே என் குரல் கொழுக்கட்டை மாவு விற்றுக்கொண்டிருந்தது. போய் அந்த ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

செப்டம்பர் 2

என் போனுக்கு மெசேஜ். 'தங்கள் எண்ணிலிருந்து 27.08.2025 அன்று விளம்பர அழைப்பு வந்ததாகப் புகார் பெறப்பட்டுள்ளது. இது தொடர்ந்தால் தங்கள் வெளியழைப்புச் சேவை நிறுத்தப்படலாம்.'

இரண்டு தரம் படித்தேன். தேதி சரியாக இருக்கிறது. ஏழு நாளுக்குள் கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடத் தவறவில்லை.

செப்டம்பர் 3

ரோகிணியிடம் கேட்டேன். தெரியாமல் நடந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"உங்க நம்பர்னு எனக்குத் தெரியும் மாமா. அம்மாட்டயும் சொன்னேன். 'இது மிஷினு இல்லம்மா, நெசமாவே மாமாதான்'னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'தெரியும்டி. ஆளா வந்தாலும் அதே பேச்சுத்தான பேசுறான். எழுதிப் போடு'ன்னுச்சு."

தம்பியின் பேச்சை வேண்டாமென்று சொல்ல அக்காவுக்கு உரிமை இருக்கிறது. அதைச் சட்டப்படி எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்த மகராசன் நான்தான். அடிக்க வேண்டும் என்னை. செருப்பாலேயே.

செப்டம்பர் 4

வேலைக்குப் போகவில்லை. ஒருத்தரிடமும் பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுமலை போய் வந்தேன்.

காலையில் முனீஸ்வரி பீரோவிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தாள். ரோகிணி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுபோக ஆறு வருடத்துக்கு முன் எடுத்த பட்டுச்சேலை. மடிப்பு மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உசிலம்பட்டியில் பஸ் மாறி உட்கார்ந்ததிலிருந்து என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "அக்கா, தப்பு என் மேலதான்." விளம்பரம் மாதிரி இருந்தது. "அக்கா, மன்னிச்சிரு." அதுவும் அப்படித்தான். எதைச் சொன்னாலும் ஸ்பீக்கரில் வருகிற மாதிரியே இருக்கிறது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நீங்க அந்தப் பிளாட்டு விளம்பரம்தான?" என்றார். இல்லை என்றேன்.

வாசலில் கட்டிலில் மச்சான் உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே பார்த்தார். அக்கா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"பேசாத" என்றாள். "ஒரு வார்த்தை பேசுனாலும் இப்படியே திரும்பிப் பஸ் ஏறிரு. பேசாம இருக்கிறதுன்னா உள்ள வா."

உள்ளே போனேன்.

சேலைப் பையை வாங்கி ரோகிணியிடம் கொடுத்தாள், பிரித்துப் பார்க்கவில்லை. சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்துகொண்டு, மே மாதத்தில் முதல் போன் வந்த அன்றிலிருந்து ஆரம்பித்தாள். போனில் என்னிடம் என்னவெல்லாம் சொன்னாளோ அம்புட்டையும் திரும்பச் சொன்னாள். கிணற்றில் தண்ணீர் வற்றியது, மச்சான் காலில் முள் குத்தியதைப் பத்து நாள் மறைத்து வைத்தது, ஆஸ்பத்திரியில் முதல் நாள் படுக்க இடமில்லாமல் தரையில் கிடந்தது. அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நடுவில் ஒருதரம் நான் தாங்க முடியாமல் "அக்கா" என்றுவிட்டேன். கையைத் தூக்கினாள். நிறுத்திக்கொண்டேன்.

என் சோறு காய்ந்துபோய்விட்டது. மச்சான் தூங்கிவிட்டார்.

ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ரோகிணிதான் நினைவுபடுத்தினாள். அக்கா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். நான் வாசல் வரை வந்து, பேசலாமா என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தேன். சரியென்று தலையை ஆட்டினாள்.

"போயிட்டு வாரேன்க்கா" என்றேன். ஆறு வருடத்தில் நான் அவளிடம் பேசி, அவள் வைக்காமல் கேட்ட பேச்சு அது ஒன்றுதான். புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்ததுல ஆறு நாள்தான் சொல்லியிருக்கேன். இன்னும் அஞ்சு நாள் இருக்கு" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழமை வா. வந்து கேட்டுட்டுப் போ."